ஒட்டாத கட்டு

அன்ரனிற்றா மிஸ்ஸி ஒரு பிளாஸ்ரரைக் கழற்ற எவ்வளவு நேரம் எடுப்பார் என்று பாண்டிருப்பில் யாரிடமும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கதை நீளும். கரைவலை இழுக்கிற கோணாமலை, தன் கணுக்காலில் ஒட்டியிருந்த நாலு விரல் அகலப் பிளாஸ்ரரை அவர் எடுத்து முடிப்பதற்குள் தான் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழும்பியதாகச் சொல்லித் திரிந்தார். அது கூட்டிச் சொன்ன கதை. ஆனால் கால் மணித்தியாலம் எடுத்தது உண்மைதான்.

ஒரே இழுவையில் சட்டென்று இழுத்துவிட்டால் நோவு குறையும் என்று ஊரில் எல்லாரும் நம்புகிறார்கள். வாலிபத் தோலுக்கு அது சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். வயதான தோலுக்கு, வருடக்கணக்காகக் குளிசை போட்டு மெலிந்துபோன தோலுக்கு, அந்த இழுவை பிளாஸ்ரரோடு சேர்த்துத் தோலையும் கொண்டுபோய்விடும். மிஸ்ஸியின் முறை வேறு. முதலில் ஓரங்களில் தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பார். பிறகு பேசாமல் இருப்பார். எண்ணெய் உள்ளே இறங்கியதும் ஒரு மூலையைக் கிளப்பி, மேலே தூக்காமல், தோலை ஒட்டியபடியே பின்பக்கம் மடித்து மடித்துக் கொண்டுபோவார். மற்றக் கையின் விரல் தோலை அமத்திப் பிடித்துக்கொண்டு கூடவே நகரும்.

“தோலைப் பிடிச்சிக்கொண்டு பிளாஸ்ரரை விடோணும். பிளாஸ்ரரைப் பிடிச்சிக்கொண்டு தோலை இழுக்கப்படாது” என்று பழக வந்த தாதிப் பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. காயத்தைத் தொடும்போது கிளவுஸ் போடுவார். பிளாஸ்ரரை எடுக்கும்போதும் ஒட்டும்போதும் கழற்றிவிடுவார். கிளவுஸ் ரப்பர் பசையில் ஒட்டிக்கொண்டு தோலை இழுக்கும், தோல் எந்த இடத்தில் இளகுகிறது என்று விரலுக்குத் தெரியாது என்பது அவருடைய நியாயம். அதற்காகவே தனிச் சவர்க்காரம் ஒன்றைப் பையில் கொண்டு திரிந்தார். போகிற வீட்டுக் குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உட்காருவார்.

பிறவியிலேயே இப்படி நிதானமான மனுசி என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பத்தொரு வருடத் தாதி வேலையில் பாதிக்கு மேல் அவரும் எல்லாரையும் போல இழுத்தவர்தான். மருந்து கட்டும் அறை வாசலில் நாற்பது பேர் நின்றால் எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டு இருக்க முடியுமா? பிறகு அவருடைய கணவர் கிறிஸ்ரோபர் சிறுநீரக வருத்தத்தில் படுத்தார். ஒரு நாள் வேலை முடிந்து வந்த கையோடு, சேலைன் ஏற்றியிருந்த அவருடைய புறங்கைப் பிளாஸ்ரரை அன்ரனிற்றா பழக்கதோசத்தில் இழுத்தார். தோல் ஒரு வெற்றிலை நறுக்கு அளவுக்குக் கூடவே வந்துவிட்டது. கிறிஸ்ரோபர் கண்ணை மூடித் திறந்து, “நோகல்ல அன்ரா” என்றார். அதற்குப் பிறகு பதினொரு நாள் உயிரோடு இருந்தார். அந்தக் காயம் மூடவில்லை.

அன்றிலிருந்து ‘நோகல்ல’ என்று யாராவது சொன்னால் அன்ரனிற்றாவுக்குக் கோபம் வரும். நொந்தால் நோகுது என்று சொல்லித் தொலையுங்களேன் என்று நோயாளிகளை ஏசுவார். ஓய்வுபெற்ற பிறகும் ஆட்கள் விடவில்லை. அறுபத்தொரு வயதில் ஸ்கூட்டியில் பையைக் கொழுவிக்கொண்டு, பாண்டிருப்பிலிருந்து சாய்ந்தமருது வரை வீடு வீடாகப் போய் மருந்து கட்டினார். அவருடைய கை பட்டால் நோவு தெரியாது என்று பெயர்.

அந்தப் பெயருக்கு ஆபத்து வந்தது கல்முனைக்குடியில், விதானையார் வீட்டில்.

விதானையார் என்றால் அப்துல் ஹமீட். வயது எழுபத்திமூன்று. இருபத்தாறு வருடம் வட்டை விதானையாக இருந்தவர். அதாவது எந்த வயலுக்கு எந்த நாள் எத்தனை மணித்தியாலம் வாய்க்கால் தண்ணீர் பாய்வது என்று பங்கு வைத்து, வயற்காரர்கள் மண்வெட்டியோடு ஒருவரையொருவர் துரத்தாமல் பார்த்துக்கொண்டவர். பதவி போனாலும் பெயர் போகவில்லை. நெஞ்சிழுப்புக்காக வருடக்கணக்கில் போட்ட குளிசை அவருடைய தோலைக் கரைத்து வைத்திருந்தது. முழங்கையிலும் காலிலும் உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் வெளியே தெரியும். அப்படிப்பட்ட கால் ஒரு நாள் கட்டிலின் இரும்பு மூலையில் பட்டது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்கத்தில், தோல் வெங்காயச் சருகு போலச் சுருண்டு மேலே போய்விட்டது.

மிஸ்ஸி அந்தச் சுருளை ஈரப் பஞ்சால் மெதுவாக விரித்து, திரும்ப அதன் இடத்தில் படுக்க வைத்தார். மேலே வஸ்லின் துணி, அதற்கு மேலே மெத்தைத் துணி, சுற்றிவரப் பிளாஸ்ரர். அதன் மேல் நீலப் பேனையால் ஓர் அம்புக்குறி போட்டார். தோல் எந்தப் பக்கத்தில் இன்னும் உடம்போடு பிடித்திருக்கிறதோ அங்கேயிருந்து தொடங்கி, கீழ்நோக்கித்தான் கட்டைக் கழற்ற வேண்டும். மாறிக் கழற்றினால் படுக்க வைத்த தோல் திரும்பவும் கிளம்பிவிடும். அம்புக்குறி தனக்குத்தான், கிழமைக்கு மூன்று நாள் தான் ஒருவரே வருவதென்றாலும் மறதிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று.

அடுத்த முறை வந்து கழற்றிப் பார்த்தபோது, படுக்க வைத்த தோல் கிளம்பியிருந்தது. அதற்கடுத்த முறை பிளாஸ்ரர் ஒட்டிய நல்ல தோலிலும் இரண்டு கிழிசல். இரண்டாம் கிழமை முடியும்போது அந்தத் தோல் கறுத்துச் செத்தது. ஆறாம் கிழமையில் காயம் தொடங்கியதை விடப் பெரிதாக இருந்தது.

“பிளாஸ்ரர் ஓரம் வேற மாதிரிக் கிடக்கே, விதானையார்?” என்று ஒரு நாள் கேட்டார்.

“கழண்டிச்சி. நான்தான் திரும்ப ஒட்டின.”

வேர்வைக்குக் கழன்றிருக்கும் என்று மிஸ்ஸி நினைத்துக்கொண்டார். விதானையார் பொய் சொல்லவில்லை. கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கிளினிக் டொக்டர் காலைப் பார்த்துவிட்டுத் திகதி போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதம் பதினெட்டு. அதற்குள் மூடாவிட்டால் தொடையில் தோல் எடுத்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். டொக்டரைக் குறை சொல்ல முடியாது; அந்தக் காயத்துக்கு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் மிஸ்ஸிக்குத் தொடையை நினைத்துத்தான் பயம். தொடையில் இருப்பதும் அதே தோல்தான். ஒரு காயத்தை மூட இன்னொரு காயம் திறப்பார்கள். இரண்டும் மூடாவிட்டால் இந்த மனுசன் கட்டிலிலிருந்து எழும்பவே போவதில்லை.

விதானையாரின் மகள் சஹ்லா கணிதம் படிப்பிக்கிற ரீச்சர். புருசன் கட்டாரில், வாப்பாவைப் பார்த்துக்கொண்டு இந்த வீட்டிலேயே இருந்தாள். மரியாதை தெரிந்த பிள்ளை. அதனால்தான் அவள் சொன்னது கூடுதலாகச் சுட்டது.

“மிஸ்ஸி, குறை நினைச்சிராதீங்க. ஒவ்வொரு முறையும் நீங்க வந்து போன மறுகாதான் புதுசு புதுசாக் கிழிஞ்சி இரிக்கி. உங்களுக்கும் வயசாகுதுதானே. கை கிய் நடுங்குதோ தெரியா. அதான் வேற ஆரையும் பாக்கட்டாண்டு யோசிக்கன்.”

“இன்னும் ஒரு கிழமை தாங்க மகள்” என்றார் அன்ரனிற்றா.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கூட வைக்காமல் மேசையடியில் உட்கார்ந்தார். தன் இடது முன்னங்கையில் ஒரு துண்டுப் பிளாஸ்ரரை ஒட்டி, அரை மணித்தியாலம் விட்டு, தன் முறைப்படியே எடுத்துப் பார்த்தார். தோல் சிவக்கக்கூட இல்லை. கையை நீட்டிப் பார்த்தார், நடுங்கவில்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. கிறிஸ்ரோபரின் கையைக் கிழித்த நாளிலும் இந்தக் கை நடுங்கவில்லையே என்று நினைத்தபோது பயம் பிடித்தது. இது என் கைதான் செய்கிற வேலை என்றால் அடுத்த முறையோடு பையைத் தூக்கி மேலே வைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தார்.

சனிக்கிழமை போகும்போது கண்ணாடியை நன்றாகத் துடைத்துக்கொண்டு போனார். கட்டைக் கழற்றி, காயத்தைக் கழுவாமல் முதலில் குனிந்து பார்த்தார். புதிதாகக் கிழிந்திருந்த மூன்று இடத்திலும் தோல் சுருண்டிருந்தது மேல்நோக்கி, முழங்கால் பக்கமாக. அவர் எப்போதும் கழற்றுவது கீழ்நோக்கி. எதிரில் உட்கார்ந்து மருந்து கட்டுகிற யாரும் அந்தக் காலில் உள்ள பிளாஸ்ரரைத் தன் பக்கமாக, கீழ்நோக்கித்தான் இழுப்பார்கள். மேல்நோக்கி இழுக்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். குனிந்து, தன் காலில் இருப்பதைத் தன் பக்கமாக இழுக்கிறவர்.

மிஸ்ஸி நிமிர்ந்து விதானையாரின் முகத்தைப் பார்த்தார். அவர் யன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்திமூன்று வயதில் களவாகக் காயத்தைப் பிய்க்கிற மனுசனை ஏசுவதா, எப்படி ஏசுவது? கடிக்கிறதா, அரிக்கிறதா, சும்மா கை வைக்கிறாரா? கேட்டால் மறுபடியும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். மிஸ்ஸி மருந்து கட்டி, பிளாஸ்ரர் ஒட்டி, பையையும் மூடினார். ஆனால் எழும்பவில்லை. தான் போன பிறகுதான் கிழிகிறது என்றால், போகாமல் இருந்து பார்க்கலாமே.

“வெயில் கடுமையாக் கிடக்கு விதானையார். கொஞ்சம் இருந்திட்டுப் போறன்” என்றார்.

“ஓம், ஓம், இரிங்க” என்றார் விதானையார். சஹ்லா பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். மிஸ்ஸி குடித்தார். வேளாண்மை நெல்லின் விலை பற்றிக் கதைத்தார்கள். முன்பு போல ஆற்றில் தண்ணீர் இல்லை என்றார் விதானையார். மிஸ்ஸி ஓமென்றார். மணி பதினொன்றரை ஆனது. சஹ்லா இரண்டாவது பிளேன்ரீ கொண்டுவந்தாள். விதானையார் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மிஸ்ஸி காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார்.

லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. முதலில் பெரிய பள்ளியில், பிறகு ஒவ்வொரு பள்ளியாக. எல்லாம் ஓய்ந்த பிறகும் விதானையார் கதிரையிலேயே இருந்தார். இருபத்தாறு வருடம் தண்ணீர் முறையில் ஒரு நிமிடம் பிந்த விடாத மனுசன், தொழுகைக்கு அதை விடக் கண்டிப்பு. கையை மடியில் வைத்து, எடுத்து, கதிரைப் பிடியில் வைத்து, திரும்ப மடியில் வைத்தார். கால் மணித்தியாலம் போனது.

“நீங்க தொழல்லியா விதானையார்?”

“தொழத்தான் வேணும்.” விதானையார் தொண்டையைச் செருமினார். “நீங்க போனாத்தான் மிஸ்ஸி நான் தொழலாம்.”

“நான் இருந்தா என்ன? நீங்க உள்ளுக்கப் போய்த் தொழுங்க.”

“அப்பிடியில்ல.”

“அப்ப எப்பிடி?”

விதானையார் முருங்கை மரத்தை விட்டுவிட்டு முதல் முறையாக மிஸ்ஸியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார். சொல்ல அவருக்கு நிறைய நேரம் எடுத்தது. தொழுகிறதற்கு முன்னால் ஒளு எடுக்க வேண்டும். முகம், கை, கால் கழுவ வேண்டும். காயத்தில் மருந்து கட்டியிருந்தால் அதன் மேலால் ஈரக் கையால் தடவலாம், மார்க்கத்தில் அதற்குச் சலுகை இருக்கிறது. ஆனால் அவர் சின்ன வயதில் ஓதியபடி அந்தச் சலுகைக்கு இரண்டு நிபந்தனை. கட்டு, ஒளுவோடு இருக்கும்போது கட்டியதாக இருக்க வேண்டும். கட்டு நிற்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் நல்ல தோலை மூடக் கூடாது.

“அப்ப நான் வர முந்தி ஒளு எடுத்திட்டு இருக்கலாம்தானே?”

“எடுத்திட்டுத்தான் இரிப்பன்.” விதானையாரின் குரல் இறங்கியது. “நீங்க வந்து கையால தொடுவீங்க. அந்நியப் பொம்புளைட கை வெறுமனே பட்டா ஒளு முறிஞ்சிரும். மறுகா நீங்க கட்டுற கட்டு ஒளு இல்லாமக் கட்டின கட்டு. அதால நீங்க போன மறுகா அதக் கழட்டி, கழுவி, ஒளு எடுத்து, நானே திரும்ப ஒட்டுவன். ஒரு தரம்தான். மற்ற நாளெல்லாம் மேலால தடவுறதான்.”

குசினிக் கதவடியில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. சஹ்லா நின்றிருந்தாள். “வாப்பா!” என்றாள்.

அன்ரனிற்றாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “ஆறு கிழமை! ஆறு கிழமையா தன்ட தோலைத் தானே உரிச்சிக்கொண்டு இருந்திருக்கிறீங்க. கிளவுஸைப் போடுங்க மிஸ்ஸி எண்டு ஒரு சொல்லு சொன்னா வாயா நோகும்? நொந்திருக்குமே அப்பிடி இழுக்கக்குள்ள. உயிர் போயிருக்குமே!”

“நொந்ததுதான்.”

“பிறகேன் சொல்லல்ல?”

“எப்பிடிச் சொல்ற?” என்றார் விதானையார். “நீங்க முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவுறீங்க. எண்ண பூசி, பச்சப் புள்ளய எடுக்கிற மாதிரி எடுக்கிறீங்க. ஆஸ்பத்திரியில ஒருத்தரும் எண்ட கால அப்பிடித் தொட்டதில்ல. அந்தக் கை பட்டா எனக்குக் கழுவ வேண்டி வரும் எண்டு உங்கட மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்ற மிஸ்ஸி? நோவு எண்டா பொறுக்கலாம். நீங்க மனம் நொந்து போனீங்கெண்டா?”

மிஸ்ஸி பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். மனம் நொந்துதான் போனார். விதானையார் எதைத் தடுக்க நினைத்து ஆறு கிழமை பொறுத்தாரோ, அது அப்படியே நடந்தது. அதை அவரும் பார்த்துக்கொண்டார். அவசரமாகச் சொன்னார்:

“அழுக்கெண்டில்ல மிஸ்ஸி, அல்லாஹ் அறிய அப்பிடியில்ல. எண்ட பொண்டாட்டி தொட்டாலும் முறியத்தான் செய்யும். நாப்பது வருசம் அவட கையில தேத்தண்ணி வாங்கக்குள்ள விரல் படாம வாங்கின மனிசன் நான். மகள்க்கிட்டக் கேட்டுப் பாருங்க.”

சஹ்லா அழுதுகொண்டே தலையாட்டினாள். மிஸ்ஸி ஸ்கூட்டியை எடுத்தார்.

ஞாயிறு பூசையில் அவருடைய மனம் நிற்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் இந்தக் கையால் தொட்ட ஆட்களை நினைத்தார். எத்தனை பேர் தான் போன பிறகு எழும்பிக் கழுவினார்களோ என்று நினைத்தார். அது நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்தியது. கிறிஸ்ரோபருக்கும் இந்த மனுசனுக்கும் என்ன வித்தியாசம், இரண்டு பேரும் எனக்கு நோகக் கூடாது என்று தங்கள் நோவை விழுங்கினார்கள் என்று நினைத்தபோது மட்டும் முள் கொஞ்சம் இளகியது. விரல் படாமல் நாற்பது வருடம் வாங்கிய தேத்தண்ணிக் கோப்பையை நினைத்து, பூசை நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை வழக்கமான பத்து மணிக்குப் போகவில்லை. பதினொன்றே முக்காலுக்குப் போனார், லுஹருக்குக் கொஞ்சம் முன்னால். பையில் பிளாஸ்ரர் இல்லை. சஹ்லா பள்ளிக்கூடம் போகுமுன்பே தண்ணீர் கொதிக்க வைத்து ஆறவிட்டு மூடி வைத்திருந்தாள், மிஸ்ஸி தொலைபேசியில் சொன்னபடி.

“இந்தாங்க விதானையார், யோசிச்சுப் பாத்தன்” என்று தொடங்கினார் மிஸ்ஸி. “காயத்தை எப்பிடியும் நான் கழுவத்தான் வேணும். நான் கிளவுஸ் போட்டுக்கொண்டு கட்டைக் கழட்டுறன். நீங்க இந்தக் கொதிச்சு ஆறின தண்ணியால ஒளு எடுங்க. காயத்தில ஊத்தலாம், தேய்க்கப்படாது, ஊத்த மட்டும்தான். பிறகு நான் கிளவுஸோடையே மருந்தைக் கட்டுறன். ஒளுவும் முறியாது, கட்டும் ஒளுவோட கட்டின கட்டு. இனிமேல் பிளாஸ்ரர் இல்ல. மெல்லிய துணிச் சுருளைச் சுத்தி நுனியை முடிஞ்சு விடுவன். பசை இல்லாட்டி கிளவுஸ் ஒட்டாது. பிளாஸ்ரர் இல்லாட்டித் தோலும் கிழியாது.”

விதானையார் யோசித்தார். வாய்க்கால் மதகடியில் நின்று வழக்குக் கேட்கிற அதே முகம்.

“துணி எவ்வளவு அகலத்துக்கு வரும்?”

“ஆறு விரல்.”

“அஞ்சுக்குக் கொண்டுவரேலாதா? தேவைக்கு மேல நல்ல தோல மூடப்படாது.”

“அஞ்செண்டா நடக்கக்குள்ள நழுவும். நழுவினா உரசும். உரசினாத் தோல் போகும்.”

“நான் கூட நடக்கிறல்லியே.”

“பள்ளிக்குப் போற எண்டு தெரியும்.”

“அஞ்சரை.”

“சரி, அஞ்சரை. ஆனா நழுவினா எனக்கிட்டச் சொல்லோணும். நீங்களாக் கை வைக்கிறல்ல.”

“இன்ஷா அல்லாஹ், வைக்கிறல்ல.”

ஐந்தரை விரல் அகலத்தில் கட்டு நின்றது. வழக்கு அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், புதன்கிழமை விதானையார் முடிச்சு எங்கே வர வேண்டும் என்று இன்னொரு வழக்கை எடுத்தார். நெற்றியைத் தரையில் வைக்கிற சுஜூதில் குனியும்போது முழங்காலுக்குக் கீழே முடிச்சு அழுத்துகிறதாம். முடிச்சைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். மிஸ்ஸி இவ்வளவு காலத்தில் எந்த நோயாளியோடும் இந்த அளவுக்கு வாயாடியதில்லை. உள்ளுக்குள் அது பிடித்தும் இருந்தது.

முதல் கிழமை புதுக் கிழிசல் ஒன்றும் இல்லை. இரண்டாம் கிழமை காயத்தின் ஓரம் வெளிறி உள்ளே நகரத் தொடங்கியது. கட்டு மாற்றும்போது மிஸ்ஸி அடிமட்டத்தை வைத்துக் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பிய படங்களைப் பார்த்து, சஹ்லா கொப்பியில் வரைபடமே கீறினாள். கணித ரீச்சர் வேறென்ன செய்வாள். தான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். மிஸ்ஸி அதைக் கேட்காதது போலத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். கேட்டது. மனம் லேசானது. மூன்றாம் கிழமை வரைபடம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. நாலு நாளாக ஒரு நூல் அளவு கூடக் குறையவில்லை. பதினெட்டாம் திகதி நெருங்கியது. தொடையில் தோல் எடுக்க எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று விதானையார் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். மிஸ்ஸி குனிந்து வஸ்லின் துணியை நறுக்கினார்.

பதினாறாம் திகதி கிளவுஸைப் போட்டு, முடிச்சை அவிழ்த்து, துணியைச் சுற்றுச் சுற்றாக எடுத்தார். கடைசி மெத்தைத் துணி தானாகவே கழன்று கீழே விழுந்தது. அது காய்ந்து, சுத்தமாக இருந்தது. காலில் மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் ஓரத்திலிருந்து ஓரம் வரை மூடியிருந்தது.

விதானையார் வழக்கம் போல ஜக்கைச் சரித்து ஒளு எடுத்து முடித்தார். இனி மருந்து கட்ட வேண்டுமா, வேண்டாமா என்று மிஸ்ஸி சொல்ல வேண்டும். மூடிய தோல் சும்மா பார்வைக்கு மூடியதா, உறுதியாக மூடியதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கிளவுஸ் போட்ட விரலுக்கும் தெரியாது. வெறும் விரல் நுனியை வைத்து, சூட்டைப் பார்த்து, லேசாக நகர்த்தி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிஸ்ஸியின் கை காலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தான். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“நீங்க தொழுதிட்டு வாங்க விதானையார். பிறகு பாப்பம்.”

விதானையார் நீட்டிய காலை மடக்கவில்லை.

“கிளவுஸக் கழட்டுங்க மிஸ்ஸி.”

“இப்பதானே ஒளு எடுத்தீங்க. முறிஞ்சிருமே.”

“முறியட்டும். காயம் மூடினா இனித் தண்ணி படலாம்தானே? நான் இன்னொரு தரம் எடுக்கிறன். நீங்க வடிவாத் தொட்டுப் பாருங்க.”

அன்ரனிற்றா கிளவுஸைக் கழற்றினார். விரல் நுனியைப் புதுத் தோலின் மேல் வைத்தார். சூடு இல்லை. அடியில் ஈரம் இல்லை. தோல் விரலோடு நகர்ந்து, திரும்பத் தன் இடத்துக்கு வந்து நின்றது. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்த பிறகும் விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

பாங்கு சொல்லத் தொடங்கியது. விதானையார் கதிரையைப் பிடித்து எழும்பி, முற்றத்துக் குழாயடிக்குப் போனார். கொதிச்சு ஆறின தண்ணீர் இல்லை, ஜக் இல்லை. சாரத்தை முழங்கால் வரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, குழாயைத் திறந்து, காலை நேரே தண்ணீருக்கு அடியில் நீட்டினார். மிஸ்ஸி வாசலில் நின்று பார்த்தார். தண்ணீர் புதுத் தோலில் விழுந்து பாதத்தால் வழிந்து ஓடியது. ஒன்றும் கழன்று வரவில்லை.